தங்கப்பனின் முன்சீட்டு

ஆங்கில வகுப்புப் பலகையில் வார்த்தை அட்டைகளைச் செருகி வாக்கியம் செய்வார்கள். முன்சீட்டு எப்போதும் ‘தங்கப்பன்’ அட்டைக்குத்தான். ஆளின் பெயராச்சே! முதலெழுத்தைக் ‘கேப்பிட்டல்’ எழுத்தாகப் பெரிசாக, குடை மாதிரி விரித்துப் பிடித்திருப்பான். அவன் பின்னால் ‘கேம்’, அதாவது ‘வந்தான்’.

‘திடீரென்று’ எனும் பொருளுள்ள ‘சடன்லி’ மட்டும் மேசையில் சும்மா கிடந்தான். இன்றும் இடம் கிடைக்காவிட்டால் பழைய பேப்பர்காரன் சாக்குதான் கதி. விடுவானா அவன்?

“அண்ணே, முன்னால கொஞ்சம் இடம் குடுங்க.”

“போடா! பின்னால போனா என் குடை போயிடும்.”

“அது உங்க கூடப் பிறந்ததுண்ணே, எங்க நின்னாலும் போகாது. ஒரே ஒரு தடவை! பிடிக்கலேன்னா நானே சாக்குல குதிச்சிடறேன்.”

முறைத்துக்கொண்டே தங்கப்பன் நகர்ந்தான். சடன்லி ஒரே தாவாகத் தாவி ஏறினான்.

“சடன்லி தங்கப்பன் கேம்!” என்று பிள்ளைகள் படித்தார்கள். படித்த வேகத்தில் மொத்த வகுப்பும் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தது.

தங்கப்பன் மெல்லத் தலையைத் தடவிப் பார்த்தான். குடை அப்படியே இருந்தது.

“டேய், வருஷம் பூரா வந்துக்கிட்டே இருந்தேன், ஒருத்தன் திரும்பிப் பார்த்ததில்லடா!” என்றான். “இறங்கிடாதே. இன்னொரு தடவை வருவோம்.”