போர்டிகோ வரைக்கும் சரளை

டாக்டர் பரக்கத் அலி போர்டிகோ தூணில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். "ம், இப்ப நடங்க."

காண்டிராக்டர் பிலோமின்ராஜ், தான் கொட்டிப் பரப்பியிருந்த கூழாங்கல்லின் மேல் செருப்புக் காலோடு நடந்து காட்டினார்.

"பத்தலை. இன்னும் சத்தம் வரணும்."

கேட்டிலிருந்து போர்டிகோ வரை வண்டிப் பாதை, அதையொட்டி நோயாளிகள் வண்டி நிறுத்த இடம். வேலை அவ்வளவுதான். மற்றவர்கள் வழவழப்பாக வேண்டும் என்பார்கள். சத்தம் வேண்டும் என்று கேட்கிற ஆளை பிலோமின்ராஜ் இப்போதுதான் பார்க்கிறார்.

"திருட்டுப் பயமாங்க டாக்டர்?"

"அப்படியே வச்சுக்குங்க."

"அதுக்கு ஒரு நாய் வளர்த்தாப் போதுமே! ஸ்ரீரங்கத்துல ஒரு வக்கீல் வீட்டுக்குத் தார் போட்டுக் கொடுத்தேன். கார் வந்து நிக்கிறதே தெரியாது."

"தார் வேண்டாம்."

"அப்ப சிமெண்டு? தாலுகா ஆபீஸ்ல சிமெண்டு பர்மிட் நானே வாங்கிடுறேன். அம்மாகூட சிமெண்டுதான்னு சொன்னாங்க." பிலோமின்ராஜ் குரலைத் தாழ்த்தினார். "அவங்களுக்குக் கல்லு பிடிக்கலையோ?"

"பிடிக்கலை" என்று டாக்டர் மனைவியின் பதில் வந்தது, ஹாலுக்கும் அப்பால் சமையலறையிலிருந்து. பிலோமின்ராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கருங்கல் சரளை. கொஞ்சம் பெரிசா, கனமாப் பரப்பிடுங்க" என்றார் டாக்டர். "ஒரு சக்கரம் ஏறினா வீட்டுக்குள்ள எங்க படுத்திருந்தாலும் கேக்கணும்."

காண்டிராக்டர் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். பங்குனி மாதத்து அந்த மதியம் மறுபடி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

முந்தின இரவு முழுக்க உறையூரில் ஒரு சிக்கலான பிரசவம். வீடு திரும்பி, சாப்பிட்டு, நடுப்பகல் தொழுகையான லுஹரைத் தொழுதுவிட்டுப் படுத்தவர் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டார். அப்போதுதான் குழுமணியிலிருந்து சின்னையா என்ற விவசாயி தன் மகளை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். குழந்தைக்குத் தொண்டை அடைப்பான். அதற்கான ஊசி மருந்து டாக்டரின் அலமாரியிலேயே இருந்தது.

பாதையில் அன்றைக்கு வெறும் ஆற்று மணல்தான். வண்டி ஓசைப்படாமல் வந்து போர்டிகோவில் நின்றது. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, யாரும் வராததால் சின்னையா பெரியாஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினார். ஆஸ்பத்திரி வாசலைக் காணும் முன்பே குழந்தையின் மூச்சு நின்றுவிட்டது.

விஷயம் தெரிந்ததும் டாக்டர் குழுமணிக்கு ஓடினார். சின்னையா அவரைப் பார்த்துக் கை கூப்பினார். "அய்யா ஊர்ல இல்லைன்னு நெனச்சுட்டேங்க. பெரிய மனுஷங்க வீடு, கதவை இடிக்கப் பயமா இருந்துச்சு."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. மனைவி ஷரபுன்னிசாவும் அந்த நேரம் கண்ணயர்ந்துவிட்டதாகத்தான் சொன்னாள். அதன்பிறகு டாக்டர் பகலில் படுத்ததே இல்லை. சாப்பிட்ட கையோடு நாற்காலியை வாசலில் போட்டு, கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஷரபுன்னிசா டீயோடு வந்தாள். "சரளை வேண்டாங்க."

"சிமெண்டு மேல உனக்கு அப்படி என்ன ஆசை?"

"ஆசையில்லைங்க. ஒவ்வொரு வண்டி வர்றப்பவும் அந்தச் சத்தம் கேட்டா என்னால தாங்க முடியாது."

"நான் தாங்கணும் ஷரபு. அதுக்குத்தானே போடுறேன்!" டாக்டர் கேட்டுப் பக்கம் கை நீட்டினார். "மணல்ல வந்த வண்டி எப்படிக் கேக்கும்? அந்த மனுஷன் நின்னு கூப்பிட்டிருக்கார், நான் பொணம் மாதிரிக் கெடந்திருக்கேன். என் தூக்கத்துல ஒரு புள்ளையோட உசுரு போயிடுச்சு. அல்லாஹ் கேட்டா என்ன பதில் சொல்லுவேன்?"

ஷரபுன்னிசா டீயை நீட்டவில்லை. அதைத் தரையில் வைத்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அன்னைக்கு நீங்க சோத்துல கை வச்சபடியே தூங்கி விழுந்தீங்க. தொழுறப்பக்கூட உங்க காலு தள்ளாடுச்சு."

"களைப்புதான். அதுக்காக என் மேல தப்பில்லைன்னு ஆயிடுமா?"

"உங்க மேல தப்பில்லைங்க."

"எனக்கு ஆறுதல் சொல்லாதே ஷரபு. கேட்டிருந்தா எழுந்திருச்சிருப்பேன். எனக்குக் கேக்கலை, அதான் என் பாவம்."

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்குக் கேட்டுச்சுங்க."