பிள்ளையைத் தூங்க விடாதவன்

"இவரு பிள்ளைய தூங்கவே விடமாட்டேங்கிறாரு மிஸ்ஸி. நீங்களாச்சும் சொல்லுங்க லா."

செந்தூல் அடுக்குமாடியில் பதினோராவது மாடி. தாதி உஷாராணி செருப்பைக் கழற்றுவதற்குள் அமுதவள்ளி புகாரை ஆரம்பித்துவிட்டாள். பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. பாவம், நிற்கவே தெம்பில்லை.

கிளினிக்கிலிருந்து வீடு வீடாகப் பார்க்க வந்தவள் உஷாராணி. பதினெட்டு வருட சர்வீஸ். மதியத்துக்குள் இன்னும் நான்கு வீடு பாக்கி. அதனால் தாயின் பிரசவ விவரமெல்லாம் எழுதியிருக்கும் பிங்க் புத்தகத்தைப் பிரிக்காமலே பிள்ளையை எடை போட்டாள். பிறந்தபோது எவ்வளவு என்று கேட்டாள். இப்போது அதைவிட இருநூறு கிராம் குறைவு. தூக்கமில்லாத பிள்ளை எங்கே ஒழுங்காகப் பால் குடிக்கும்?

மெத்தையில் மல்லாக்கக் கிடத்தியதும் அது தூங்கிப்போனது. அவ்வளவுதான், அப்பன்காரன் முகுந்தன் வந்து உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினான். பிள்ளை வீறிட்டது.

நல்ல கூத்து என்று நினைத்துக்கொண்டாள் உஷாராணி. இந்த மாதிரிப் புது அப்பாக்களை அவள் எத்தனை பேரைப் பார்த்திருப்பாள்!

தட்டிக்கொடுத்து மறுபடி தூங்க வைத்தாள். தூக்கத்திலேயே பிள்ளை உதட்டைப் பிதுக்கியது, பிறகு சிரித்தது. நரி விரட்டுகிறது என்பார்கள், அதெல்லாம் ஒன்றுமில்லை, அரைத்தூக்கம், எழுப்பாமல் விட்டால் தானாக அயர்ந்து தூங்கும் என்று விளக்கினாள். நடுவில் மூச்சுகூடக் கொஞ்சம் நிற்கும். பத்து எண்ணுவதற்குள் திரும்பிவிடும். பச்சைப்பிள்ளைக்கு அதுவும் வழக்கம்தான்.

சொல்லி வைத்தாற்போல் பிள்ளையின் வயிறு அசையாமல் நின்றது.

முகுந்தனின் கை பாய்ந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுப்பாதீங்க தம்பி. எண்ணுங்க."

எண்ணினான். ஐந்துக்கு மேல் குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. என்ன பயம் இது என்று அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அமுதவள்ளி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எட்டில் வயிறு ஏறி இறங்கியது.

உஷாராணி சிரித்துவிட்டாள். முதல் பிள்ளைக்கு எல்லா அப்பாவும் இப்படித்தான், அடுத்த பிள்ளைக்கு நீங்களே ஊருக்குப் பாடம் எடுப்பீர்கள் என்று அவன் தோளைத் தட்டினாள்.

அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

முகுந்தன் பிள்ளையிடமிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"மூத்தவளுக்கும் எழுப்பக்கூடாதுன்னுதான் சொன்னாங்க மிஸ்ஸி. முன்னூறு வரைக்கும் எண்ணினேன்."