இரண்டு மூடி

"நாலு வரிக்கு அம்பது ரூவாயா? வெயில்ல வந்ததுல உமக்குக் கிறுக்குப் புடிச்சிட்டா வாத்தியாரே?"

பூச்சிமருந்துக் கடை சௌந்தரபாண்டியன் கடகடவென்று சிரித்தார். எபநேசர் சிரிக்கவில்லை.

புதூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் அவர். மருந்துப் புட்டியோடு கொடுக்கும் நோட்டீஸை ஆங்கிலத்திலிருந்து தமிழில் எழுதித் தந்தவர். கரிசல்காட்டில் அளவு கிளாஸுக்கு எங்கே போவது? அதனால் 'ஒரு டின் தண்ணீருக்கு இரண்டு மூடி' என்று புரிகிற மாதிரி எழுதியிருந்தார். கூலி எட்டு ரூபாய். அதையும் இரண்டு தவணையாகத்தான் கொடுத்தார் சௌந்தரபாண்டியன்.

இந்த வருஷம் புட்டி மாறிவிட்டது. மூடி இரண்டு மடங்கு பெரிசு. நோட்டீஸ் மட்டும் அதேதான். அதைத் திருத்தி நாலு வரி எழுதிக் கொண்டுவந்திருந்தார் எபநேசர்.

"பத்து வாங்கிக்கிடும்."

"அம்பது அண்ணாச்சி."

"என்னவே இது? போன மாசம் சும்மாவே திருத்தித் தாரேன்னு கார்டு போட்டது நீருதான? இந்தா கிடக்கு." கம்பியில் குத்தியிருந்த கடிதங்களைக் காட்டினார்.

"சும்மா தாரேன்னது கம்பியில கிடக்கு. துட்டு குடுத்து வாங்கினா அச்சாபீசுக்குப் போகும்லா?"

சௌந்தரபாண்டியனுக்குச் சுருக்கென்றது. இருபது என்றார், முப்பது என்றார். வாத்தியார் அசையவில்லை. மருந்து கூடிப்போய்ப் பருத்தி கருகினால் வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் கடை வாசலில்தான் வந்து நிற்பார்கள். முணுமுணுத்துக்கொண்டே ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்துப் போட்டார்.

"இன்னைக்கே அச்சுக்குக் குடுத்துருதேன், போதுமா? மக மேரிராணிக்குத் தலைப்பிரசவம்னு சொன்னீரே, அந்தச் செலவுக்கா?"

எபநேசர் தாளை அவர் பக்கமே தள்ளினார். "இதையும் அச்சாபீசுக்கே குடுங்க. எழுத்து பெரிசா விழட்டும்."

"பின்ன எதுக்குவே இம்புட்டு நேரம் என் உயிர வாங்கினீரு?"

எபநேசர் சட்டைப் பையிலிருந்து பழைய நோட்டீஸ் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். மடிப்பெல்லாம் கரிசல் மண்.

"இது மருமகன் சட்டையில இருந்தது அண்ணாச்சி. 'எங்கய்யா எழுதினது, தப்பா இருக்காது'ன்னு மேரிராணிதான் வாசிச்சுச் சொல்லியிருக்கா. ரெண்டு மூடி ஊத்தி அடிச்சவன் காட்டுலயே விழுந்துட்டான். நேத்துதான் அடக்கம் பண்ணினோம்."