முதலில் சிப், பிறகு ஊசி

“கெடுத்துட்டீங்களே அப்பச்சா!”

ரின்ஸி போட்ட சத்தத்தில், எங்கள் கிளினிக்கில் வரிசையில் இருந்த நாய்களெல்லாம் வாயை மூடிக்கொண்டன.

டாக்டர் வல்சலாவின் மேஜைமேல் இரண்டு தாள்கள். ரின்ஸியின் நாய் கைசருக்கு வெளியே ஒரு முகாமில் வெறிநாய்க்கடி ஊசி போட்டது ஏப்ரல் இரண்டாம் தேதி. எங்கள் கிளினிக்கில் கழுத்துத் தோலுக்கடியில் அடையாள எண் சிப் வைத்தது ஏப்ரல் ஒன்பது.

“சிப் வச்சதுக்கு அப்புறம் போட்ட ஊசிதான் செல்லும் மோளே,” என்றார் டாக்டர். “ஊசி இந்த நாய்க்குத்தான் போட்டதுன்னு அந்த நம்பர்தானே சாட்சி? இப்ப ஊசியும் வீண், அதுக்கப்புறம் வெளிய எடுத்த ரத்தப் பரிசோதனையும் வீண். இதோட போனா அயர்லாந்து ஏர்போர்ட்டுலயே நிறுத்திடுவாங்க.”

“இன்னிக்கே மறுபடி ஊசி போட்டா?”

“ஒரு மாசம் கழிச்சு ரத்தம் எடுக்கணும். அதுக்கு மேல மூணு மாசம் காத்திருக்கணும்.”

நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போகும் ரின்ஸிக்கு விமானம் அடுத்த வியாழக்கிழமை.

எல்லார் கண்ணும் சுவரோரம் நின்ற அவுசேப்பச்சன் மேல் திரும்பியது. மகள் டெல்லியில் வேலை பார்த்தபோது நாயின் காரியங்களை எல்லாம் கவனித்தவர் அவர்தான்.

“சிப் வச்ச அன்னிக்கே சொன்னேனே அச்சாயா, ஊசி இனிமேதான்னு. நல்லா தலையாட்டினீங்களே?” என்றார் டாக்டர்.

“காதுல சரியா விழல.”

“நானும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டுத்தானே போனேன்?” என்றாள் ரின்ஸி.

“அது எங்கயோ தொலைஞ்சு போச்சு மோளே. வயசாகுதில்ல?”

தோட்டத்தில் எந்த ரப்பர் மரம் எந்த வருஷம் நட்டது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மனுஷன். வயசைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தார்.

ரின்ஸி தரையில் உட்கார்ந்து கைசரைக் கட்டிக்கொண்டாள். “அம்மா இறந்த வருஷம் நான் தூக்கிட்டு வந்த குட்டி, டாக்டர். அந்த ஊர்ல எனக்கு யாரைத் தெரியும்? இதாவது கூட இருக்கும்னு நினைச்சேன்.”

அழுகை வந்துவிட்டது. டாக்டர் வல்சலா எழுந்து கதவைச் சாத்தினார். பதினைந்து வருஷமாக அவரிடம் கம்பவுண்டராக இருக்கிறேன். எழுத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டார். அப்படிப்பட்டவரே குரலைத் தாழ்த்தினார்.

“சிப் வச்சது என் கைதான். ஏப்ரல் ஒண்ணுன்னு மாத்தி எழுதித் தர்றேன். இந்த ஒரு தடவை கடவுள் கண்ணை மூடிக்கட்டும்.”

பேனாவைத் திறந்தார்.

“மூடுங்க டாக்டர் அதை!”

அவுசேப்பச்சன் போட்ட அதட்டலில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

“எங்க மாளியேக்கல் வீட்டுல இதுவரைக்கும் கள்ளத் தேதி எழுதினதில்ல. என் பொண்ணு மூணு பரீட்சை எழுதி, நேர்வழியா போறா. அவ நாயும் நேர்வழியாத்தான் போகும்!”

பூனைக்கூடையோடு உள்ளே இருந்த அம்மிணி சேச்சி முணுமுணுத்தாள். “தப்பும் பண்ணிட்டு நியாயமும் பேசுறாரு. பெத்த பொண்ணு அழுதுட்டு நிக்குது. கல்லு மனசு.”

ஆனால் ரின்ஸி மெல்ல எழுந்தாள். கண்ணைத் துடைத்தாள்.

“அப்பச்சன் சொல்றது சரிதான் டாக்டர். நோயாளி சார்ட்டுல ஒரு மணி நேரம் மாத்தி எழுதினாலே நான் மத்தவங்களத் திட்டுறவ. எனக்காக நீங்க பொய் எழுத வேண்டாம். இன்னிக்கு ஊசி போடுங்க. கிறிஸ்துமஸ் லீவுல நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“பாத்தீங்களா? என் பொண்ணு!” என்றார் அவுசேப்பச்சன். நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெருமையில் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

ஊசி போட்டாயிற்று. ரின்ஸி நாயோடு வெளியே போய் ஆட்டோ கூப்பிட்டாள். முன்னறையில் என் மேஜைமேல் இருந்த பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்காக அவுசேப்பச்சன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தார்.

நாலாக மடித்த தாள் ஒன்று என் காலடியில் விழுந்தது. எடுத்துக் கொடுக்கும்போது விரிந்துகொண்டது. ரின்ஸியின் கையெழுத்து. சிவப்பு மையில் இரண்டு தடவை அடிக்கோடு.

‘முதல்ல சிப். அதுக்கப்புறம்தான் ஊசி. மாத்திடாதீங்க அப்பச்சா.’

நான் தாளைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். வெடுக்கென்று பிடுங்கி ஜிப்பாவுக்குள் திணித்துக்கொண்டார்.

“அச்சாயா, அப்ப தெரிஞ்சேதான்...”

“மெதுவாப் பேசுடா ராஜப்பா.” வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். “மூத்தவன் பினோய் மெல்போர்ன் போயி ஆறு வருஷமாச்சு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நாலு நிமிஷம் பேசுவான். வேலை அப்படி. நான் குறை சொல்லல. போன் பண்ணுடான்னு கேட்டு வாங்குற ஆளும் நான் இல்ல.”

“அதுக்கு?”

“இவ டெல்லியில இருந்தப்ப தினமும் வீடியோவுல கூப்பிடுவா. கைசரக் காட்டுங்க, கைசரக் காட்டுங்கன்னு.”

கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நாயப் பிடிச்சு போன் முன்னாடி உட்கார வைக்கிறது நான்தானேடா? பக்கத்துல என் மூஞ்சியும் தெரியும்ல?”