லிராவுக்குப் பொட்டு

ஆயுத பூஜைக் காலை வெயில் ஓசூர் வீட்டு மேஜையில் விழுகிறது. ஸ்பேனர், மிக்ஸி, பைக் சாவி எல்லாம் பொட்டோடு மின்னுகின்றன. உறை மாற்ற ஜெகதீஷ் வெளியே எடுத்த இத்தாலி லிரா மட்டும் பாக்கி. அந்த நாடே கைவிட்ட பணம். யார் கையிலும் புழங்காத, மடிப்பே விழாத நோட்டு. ஒரு கறை பட்டாலும் அவன் சேகரிப்பில் அதற்கு இடமில்லை. மாமியார் சரோஜம்மாள் ஈரக் குங்குமத்தோடு நெருங்குகிறார். "லட்சுமிங்க மாப்ள, வெறும் நெத்தியா உடலாமா?" "இது செல்லாத லட்சுமிங்க அத்தை." "அதனாலென்ன, ஓடாத மிக்ஸிக்கே வச்சாச்சு." மாமியார் கையைப் பிடித்துத் தடுக்கும் வழக்கம் ஓசூரிலிருந்து காவேரிப்பட்டினம் வரை எங்கும் இல்லை. ஜெகதீஷ் குனிந்து அவர் விரலுக்கும் நோட்டுக்கும் நடுவே முகத்தை நீட்டுகிறான். நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று விழுகிறது. "நகருங்களேன்," என்கிறாள் மனைவி சுகுணா. அவன் நகரவில்லை. மூன்றாவது பொட்டுக்குக் கன்னத்தைத் திருப்பிக் காட்டுகிறான்.