ஒரே ஒரு ஸ்க்ரூ

“ஏம்மா, ஒரே ஒரு ஸ்க்ரூ குறையுது. கடை வரைக்கும் போய் வாங்கிட்டு வந்துடேன்.”

கூடத்துத் தரையில் சின்ன அலமாரியைக் கிடத்தி வைத்துக்கொண்டு மாப்பிள்ளை மகளுக்குக் குரல் கொடுத்ததும், அடுக்களையில் இருந்த அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மகள் மெல்ல எழுந்தாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனாள்.

மகளுக்கு போன் பேசுகிற வேலை. யாரோ வாங்கிய வாஷிங் மெஷின் சுற்றவில்லை என்றாலும் திட்டு இவளுக்குத்தான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க “மன்னிக்கணும் சார்” என்று சொல்ல வேண்டும். நாலு வருஷம் சொன்னாள். ஒருநாள் மணி அடித்துக்கொண்டே இருக்க, எடுக்கக் கை எழவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

“உடம்புக்கு ஒண்ணுமில்லை. மனசு ரொம்பக் களைச்சுப் போயிருக்கு” என்று டாக்டர் மூன்று மாதம் லீவு எழுதிக் கொடுத்தார்.

இருபத்தேழு வயதில் மனசு களைக்குமா என்று அம்மாவுக்குப் புரியவில்லை. ஆனால் பெற்ற வயிறு கேட்குமா? பையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்து இன்றோடு பத்து நாள்.

வந்த இடத்தில்தான் இந்தக் கூத்து.

மாப்பிள்ளைக்கு உத்தியோகமே அலமாரி மாட்டுவதுதான். பர்னிச்சர் கடையில் வாங்குகிறவர்கள் வீட்டுக்குப் போய், கட்டிலோ பீரோவோ, பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்துவிட்டு வருவார். ஊரார் வீட்டில் அரை மணியில் முடிகிற வேலை, சொந்த வீட்டில் பத்து நாளாக இழுக்கிறது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அலமாரியோடு உட்காருவார். தினமும் ஏதாவது குறையும். முந்தாநாள் ஒரு ஸ்க்ரூ. நேற்று இரண்டு.

“மொத்தமா ஒரு டப்பா வாங்கி வெச்சுக்கிட்டா என்ன மாப்பிள்ளை?”

“எத்தனை வேணும்னு தெரியலையே அத்தை.”

“அப்ப நீங்களே ஒரு எட்டு போயிட்டு வரலாமே?”

“கையெல்லாம் பசை அத்தை.”

கை சுத்தமாகத்தான் இருந்தது. மருமகனை நேருக்கு நேர் திட்ட முடியுமா? பாத்திரங்கள்தான் வாங்கிக் கட்டிக்கொண்டன.

முதல் நாள் மகள் போன வேகத்தில் திரும்பி வந்து படுத்துக்கொண்டாள். மறுநாள், கடையில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது என்று வந்து சொன்னாள். நேற்றோ, போனவள் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். முகம் வெயிலில் சிவந்திருந்தது. பிள்ளையை இப்படி அலைய வைக்கிறாரே என்று, அதற்கும் சேர்த்து ஒரு குண்டானை நங்கென்று வைத்தாள் அம்மா.

இன்று கேட்டே விடுவது.

துடைப்பத்தோடு கூடத்துக்கு வந்தாள். பெருக்குகிற சாக்கில் மாப்பிள்ளையின் கருவிப் பையை ஓரமாக இழுத்தாள். பை சாய்ந்தது. உள்ளேயிருந்து ஒரு டப்பா உருண்டு, மூடி திறந்து, தரையெல்லாம் ஸ்க்ரூ. குட்டையும் நெட்டையுமாக இருநூறாவது இருக்கும்.

மாப்பிள்ளையோ, நேற்று மகள் வாங்கி வந்த ஸ்க்ரூவை அலமாரியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்.

யாருக்கு ஸ்க்ரூ கழன்றிருக்கிறது என்பதில் அம்மாவுக்கு இப்போது சந்தேகமே இல்லை.

“என்ன மாப்பிள்ளை இது?”

“மெதுவா அத்தை! அவ வந்துடப் போறா.” திருட்டு முழி முழித்தபடி, முட்டி போட்டு வாரி வாரி டப்பாவில் போட்டார்.

“இத்தனையை வெச்சுக்கிட்டா என் பொண்ணைத் தினம் துரத்துறீங்க? முடியாம படுத்திருக்கிற பொண்ணு!”

“படுத்தே இருந்துடக் கூடாதேன்னுதான் அத்தை. வெளிய காத்தாட நடக்கணும், நாலு பேர்கிட்ட சிரிச்சுப் பேசணும்னு டாக்டர் சொன்னாரு. ‘கொஞ்சம் நடந்துட்டு வாயேன்’னு கெஞ்சிப் பார்த்துட்டேன். போர்வையை இழுத்து மூடிக்கிறா. எனக்கு ஒரு உதவின்னா மட்டும்தான் எழுந்து செருப்பைத் தேடுறா.”

கையிலிருந்த ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“வேற என்ன செய்யறதுன்னு தெரியலை அத்தை. எனக்குத் தெரிஞ்சது இந்த வேலை ஒண்ணுதான்.”

பத்து நாளாக இந்தப் பிள்ளையையா மனசுக்குள் கரித்துக் கொட்டினோம்? துடைப்பத்தைப் போட்டுவிட்டு அம்மாவும் குனிந்து ஸ்க்ரூ பொறுக்கினாள்.

“அவசரப்பட்டு இதை முடிச்சுடாதீங்க மாப்பிள்ளை” என்றாள்.

வாசலில் செருப்புச் சத்தம். டப்பா பைக்குள் ஓடி ஒளிந்தது.

மகள் வந்து காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். “இந்தாங்க. இதாவது சரியா இருக்கான்னு பாருங்க.”

மாப்பிள்ளை ஓட்டையில் வைத்துப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். “அடடா, நீளம் கொஞ்சம் ஜாஸ்தி போலிருக்கே.”

“பரவாயில்லை, நாளைக்கு மாத்திட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு மகள் அடுக்களைக்கு வந்தாள்.

அம்மா பின்னாலேயே வந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். மாப்பிள்ளையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டாள்.

மகள் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“அம்மா, எட்டு ஓட்டை இருக்கிற அலமாரிக்கு இதோட பதினேழு ஸ்க்ரூ வாங்கிட்டேன். நான் கண்டுபிடிச்சது அவருக்குத் தெரியாது. நீயும் சொல்லிடாதே, நிறுத்திடுவாரு. நாளைக்குப் பூனைக்குட்டிங்க கண்ணு திறக்கும்னு கடைக்காரம்மா சொல்லியிருக்காங்க.”