சேர்மனிடம் மூன்று நிமிஷம்

“நிறுத்து, நிறுத்து. இப்படி ஆரம்பிச்சா சேர்மன் கொட்டாவி விட்டுடுவார்,” என்றார் டுவேன்.

லவோன் கையிலிருந்த தாளைச் சாப்பாட்டு மேஜையில் வீசினாள். ஐந்தாவது தடவை. “அந்தாள் எதுக்குத்தான் கொட்டாவி விடமாட்டார்?”

“பள்ளிக்கூட பஸ்ஸுல அறுபது வாண்டுகளை ஒரே அதட்டல்ல உட்கார வெக்கிறவ நீ. ஒரு கிழட்டு சேர்மனுக்கா பயப்படறே?”

“வாண்டுங்க நான் சொன்னா கேக்கும். இந்த மனுஷன் ஆறு வருஷமா கேக்கலையே!”

உண்மைதான். அவர்கள் மாநிலத்தில் சட்டமன்றத் தொகுதிகளுக்கு எல்லைக் கோடு போடுவது ஆளும் கட்சியின் வேலை. தன் ஆட்கள் யாரும் தோற்காதபடி அது வளைத்து நெளித்துப் போட்டுக்கொள்ளும். அந்தப் பேனாவைப் பிடுங்கிக் கட்சி சாராத ஒரு குழுவிடம் கொடுக்க ஒரு மசோதா வந்து, ஆறு வருஷமாக, அதை விசாரிக்க வேண்டிய சட்டமன்றக் கமிட்டி சேர்மனின் மேஜை டிராயரில் கிடக்கிறது. அவர் ஓட்டெடுப்புக்கு விட்டால் பிழைக்கும். இல்லாவிட்டால் இந்த வருஷமும் செத்தது.

வருகிற செவ்வாய்க்கிழமை கமிட்டி முன்னால் பேச, முதல் தடவையாகப் பொதுமக்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆளுக்கு மூன்றே நிமிஷம். ஆறு குளிர்காலம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவள் லவோன். இந்த மூன்று நிமிஷத்தைக் கெடுத்துவிடக் கூடாதென்றுதான் இந்த ஒத்திகை.

கோடு போட்ட கட்சிதான் டுவேனின் கட்சி. லவோன் அதற்கு நேர் எதிர். தேர்தல் வந்தால் அவர்கள் வீட்டுப் புல்தரையில் இரண்டு கட்சியின் பிரசாரப் பலகைகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். தபால்காரர் சிரித்துக்கொண்டே போவார். டுவேன் வீட்டில் இருப்பதே ஞாயிறு ஒருநாள்தான். அன்றைக்கும் டிவியில் ஃபுட்பால் ஆட்டத்தின் சத்தத்தை அடைத்துவிட்டு, மனைவிக்கு ஒத்திகை பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

“சரி, நான்தான் சேர்மன். ஆரம்பி.”

“ஐயா, நான் பள்ளி பஸ் ஓட்டறவ. மேப்பிள் தெருவுல ஒரு மைல் போறதுக்குள்ள என் பஸ் மூணு தொகுதியைத் தாண்டுது.”

“தாண்டட்டும். சட்டத்துல தப்பில்லையே. அடுத்தது?”

“எங்க ஊர் ஐரீனும் அவ தங்கச்சியும் அடுத்தடுத்த வீடு. ரெண்டு வீட்டு வேலிக்கு நடுவுல கோடு போகுது. போன தேர்தல்ல ஐரீன் தங்கச்சி கூடவே போய், பனியில ஒண்ணரை மணி நேரம் வரிசையில நின்னா. ‘உங்க ஓட்டு இங்க இல்லை’ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எண்பத்தோரு வயசு அவளுக்கு.”

“ஓட்டுச்சாவடி மாறிடுச்சுன்னு தபால்ல அட்டை போயிருக்குமே. படிக்காதது அந்தம்மா தப்பு.”

லவோனுக்குச் சுருக்கென்று வந்தது. “உன் தலை! நாப்பது வருஷமா அதே பள்ளிக்கூடத்துலதான் அவ ஓட்டுப் போட்டா. கோடுதான் நகர்ந்துச்சு, அவ நகரலை!”

டுவேன் தாளை அவள் பக்கம் தள்ளினார். “இதைச் சொல்லு. இதையே முதல்ல சொல்லு. சதவீதக் கணக்கெல்லாம் பின்னால வெச்சுக்கோ. அந்த ‘உன் தலை’யை மட்டும் விட்டுடு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏன் டுவேன், உனக்குத்தான் இந்தச் சட்டமே பிடிக்காதே. எதுக்கு எனக்கு இவ்வளவு சொல்லிக் குடுக்கறே?”

“பிடிக்கலைதான். ஆனா நீ தோத்துட்டு வந்து ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவே பாரு, அது அதைவிடப் பிடிக்கலை.”

முப்பத்தைந்து வருஷமாக இந்த மனுஷனோடு சண்டை போட்டும் அலுக்காததற்கு இதுதான் காரணம் என்று லவோன் நினைத்துக்கொண்டாள். இன்னொரு காபி ஊற்றிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை தலைநகரில் கூட்ட அறை நிரம்பி வழிந்தது. மைக் முன்னால் பச்சை விளக்கு எரிந்ததும் லவோன் ஐரீனில் ஆரம்பித்தாள். குரல் நடுங்கவில்லை.

சேர்மன் கொட்டாவி விடவில்லை. ஆனால் அவளைச் சும்மா விடவும் இல்லை. தபால் அட்டையைக் கேட்டார், செலவைக் கேட்டார், கட்சி சாராத மனிதர் என்று ஒருத்தர் உலகத்தில் உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

நேரம் முடிந்து சிவப்பு விளக்கு வந்துவிட்டது. அவள் எழுந்திருக்கப் போனாள்.

“கடைசியா ஒரு கேள்வி,” என்றார் சேர்மன். “இந்தச் சட்டம் வந்தா முதல்ல காணாமப் போறது என் தொகுதிதான். இருபத்திரண்டு வருஷமா இந்தச் சபையே கதின்னு இருந்துட்டேன். அதுக்கப்புறம் நான் எங்கேம்மா போறது?”

ஒத்திகையில் இந்தக் கேள்வி வரவே இல்லை. லவோன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஐரீனைச் சொன்னபோது நடுங்காத குரல் இப்போது நடுங்கியது.

“வீட்டுக்கு வா, டுவேன். இருபத்திரண்டு வருஷமா நம்ம ஊர் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்கு நான் தனியாத்தான் போய்ட்டிருக்கேன்.”

சேர்மன் டுவேன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மசோதாவை ஓட்டெடுப்புக்கு விட்டார்.